செர்பியாவில் ஒரு ஊர்: போருக்கு முன் ஜெர்மானியர்கள், பின் செர்பியர்கள், எப்படி?

பாலக்கோட்டான்:
ஓசூரில் என்னோடு வேலை பார்க்கும் செர்பிய இன்ஜினியருக்குச் சொந்த ஊர் பாச்கி கிராச்சாட்ஸ், வடக்கே வோய்வோடினா சமவெளியில் இருக்கிறதாம். ஃபிலிபோவோ என்று பழைய பெயர் சொன்னார், சும்மா தேடிப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ஊர் முழுக்கக் கிட்டத்தட்ட ஜெர்மானியர்கள், 1948 கணக்கெடுப்பில் செர்பியர்கள்! 2002-க்கு அப்புறம் தலைக்கணக்கு இறங்கிக்கொண்டே வருகிறது. கோதுமையும் மக்காச்சோளமும் விளைகிற நல்ல கறுப்பு மண், அதை ஏன் விட்டுப் போகிறார்கள்? அவரிடமே கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி:
தயங்குவது நல்லதுதான் தம்பி, அது ரத்தக்கறை படிந்த கதை. துருக்கியர் போனபின் ஆள் குறைந்து கிடந்த அந்தச் சமவெளியில், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்ச அரசு ஜெர்மானியக் குடியானவர்களை டான்யூப் ஆற்று வழியாகக் கொண்டுவந்து குடியமர்த்தியது. ஃபிலிபோவோ உருவானது 1763-ல், அந்த வம்சத்து அரசி மரியா தெரேசா காலம். 1944 இலையுதிர்காலத்தில் செர்பியாவும் குரோவேஷியாவும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவின் கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் பார்ட்டிசான் கொரில்லாப் படை வந்தபோது ஒரு பகுதியினர் ஏற்கெனவே ஓடியிருந்தார்கள். நவம்பரில் ஊர் ஆண்கள் இருநூறு பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், மீதிப் பேரை மறுவருடம் ககோவோ முகாமுக்கு ஓட்டிப்போனார்கள், அங்கே பசியிலும் டைபஸ் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். ஹிட்லர் பக்கம் நின்றவர் யார், நிற்காதவர் யார் என்றெல்லாம் பெரிதாகப் பிரித்துப் பார்க்கவில்லை. காலியான வீடுகளும் நிலமும் பார்ட்டிசான் குடும்பங்களுக்குப் போயின. இந்த ஊருக்கு வந்தவர்கள் குரோவேஷியாவில் லிகா மலைப்பகுதிக்காரர்கள், கல்லுக்காட்டில் பாடுபட்ட ஜனம். அங்கே கிராச்சாட்ஸ் என்று ஒரு ஊர் உண்டு, அந்தப் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள்.

தகடூர்_கணக்கு:
வரலாறு சரி, எண்களை மட்டும் பார்த்துப் படிக்கணும். தருமபுரி மாவட்டம் 2001-ல் 28 லட்சத்துக்கு மேல், 2011-ல் 15 லட்சம். பாதி ஜனம் ஓடிப்போச்சா என்ன? 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது, அவ்வளவுதான். அதே மாதிரி 1991 வரை யூகோஸ்லாவியக் கணக்கில் ஜெர்மனி, ஆஸ்திரியாவில் வேலைக்குப் போனவர்களையும் சொந்த ஊரில்தான் சேர்த்தார்கள். 2002-ல் ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருப்பவர்களை விட்டுவிட்டார்கள். அதனால் 1991-ஐயும் 2002-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். இன்னொரு பக்கம், 1995-ல் குரோவேஷிய ராணுவம் பிடித்த பகுதிகளிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியர்கள் தப்பி வந்தார்கள், லிகாக்காரர்களும் அதில் உண்டு, நிறையப் பேர் வோய்வோடினாவில்தான் தங்கினார்கள்.
2002-க்குப் பின் வரும் சரிவு நிஜம். கொசோவோ நீங்கலாக நாடே 2011-ல் 71.9 லட்சம், 2022-ல் 66.5 லட்சம். பிறப்பை விட இறப்பு அதிகம், இளசுகள் வோய்வோடினாவின் பெருநகரம் நோவி சாத், ஆஸ்திரியாவின் வியன்னா என்று கிளம்பிவிடுகிறார்கள். டிராக்டரும் அறுவடை மெஷினும் வந்தபின் அத்தனை கறுப்பு மண்ணுக்கும் நாலு ஆள் போதும்.

பாலக்கோட்டான்:
நன்றி அண்ணா. காலி வீடுகளை என்ன செய்கிறார்கள்?

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி:
2021-லிருந்து கிராமத்தில் வீடு வாங்கும் இளம் தம்பதிகளுக்கு அரசு 12 லட்சம் தினார் வரை தருகிறது, சுமார் 10,000 யூரோ. வீடு கிடைக்கும், அங்கே சம்பளத்துக்கு எங்கே போவது? அதை உங்கள் இன்ஜினியரிடம் தைரியமாகக் கேட்கலாம்.