புதுப்பிப்பு: கண்மாய்க்குள் வாழைத்தோட்டம்

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயின் (ஏரியின்) உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பகுதியில், ஒருவர் வேலி போட்டு வாழை வைத்ததையும், 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நான் மனு கொடுத்ததையும் போன மாதம் எழுதியிருந்தேன்.

மனு திரும்பி வந்துவிட்டது. தவறு என்னுடையதுதான். அந்தச் சட்டம் பொதுப்பணித் துறை (இப்போது நீர்வளத் துறை) வசமுள்ள ஏரிகளுக்கு உரியது. எங்களுடையது 100 ஏக்கருக்கும் குறைந்த ஆயக்கட்டு (பாசன நிலம்) கொண்டது, ஊராட்சி ஒன்றியத்தின் வசமுள்ள கண்மாய். ஆகவே 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி வட்டாட்சியருக்கு மறுபடி எழுதினேன்.

நேற்று சர்வேயர் வந்தார். சீமைக்கருவேலம் புதரை வெட்டித் தள்ளியதும் எல்லைக்கல் தெரிந்தது. வேலிக்கு உள்ளே, 12 அடி தள்ளி. அதன்மேல் மோட்டார் குழாய் கிடந்தது. தார் வெட்டும்வரை பொறுக்கச் சொல்கிறார் வாழைக்காரர். இன்னும் பூவே தள்ளவில்லை!