பெரியப்பா சொன்ன படம்

அக்கா: பெரியப்பா, நீங்கள் சொன்னீர்களே என்று நேற்று டோக்கியோ ஸ்டோரி போட்டேன். 136 நிமிடமாம். சண்டை இல்லை, திருப்பம் இல்லை, வயதான அப்பா அம்மா பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள், அவ்வளவுதான். அரை மணியில் தூங்கிவிட்டேன் 😴

தம்பி: அப்போதே சொன்னேன், செவன் சாமுராய் பார் என்று. அதுவும் ஜப்பான்தான், மறு வருஷம் 1954இல் வந்தது, 207 நிமிடம். கடைசி மழைச் சண்டையில் எல்லாரும் சேற்றில் புரளும்போது தூக்கம் எங்கிருந்து வரும்?

பெரியப்பா: செவன் சாமுராய் எடுத்த குரோசாவாவை யார் குறை சொன்னது? டோக்கியோ ஸ்டோரி எடுத்த ஓசு போகிற வழி வேறு. தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் கீழே கேமராவை வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார், படம் முழுக்க அது நகர்வதே அபூர்வம். அரை மணி என்றால் நீ அத்தாமி வரைகூடப் போகவில்லை.

அக்கா: அத்தாமி யாரு?

பெரியப்பா: ஆள் இல்லை, ஊர். மகன் டாக்டர், மகள் பியூட்டி பார்லர் நடத்துகிறாள், இரண்டு பேருக்கும் நேரமில்லை. பணம் போட்டு அப்பா அம்மாவை வெந்நீர் ஊற்று இருக்கும் அந்த ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பார்த்தால் உபசாரம் மாதிரிதான் இருக்கும். ராத்திரியெல்லாம் விடுதியில் பாட்டும் கூச்சலும், இரண்டு பேருக்கும் பொட்டுத் தூக்கம் இல்லை. காலையில் கடலோரச் சுவரில் உட்கார்ந்து, ஊருக்கே போய்விடலாம் என்று பேசிக்கொள்வார்கள்.

சித்தி: போரில் செத்துப்போன மகனின் மனைவி நோரிகோ, அவள் ஒருத்திதான் லீவு போட்டு ஊர் சுற்றிக் காட்டுவாள். செத்சுகோ ஹரா நடித்தது, அந்தச் சிரிப்பை மறக்கவே முடியாது. எனக்கு ஆறவே ஆறாதது அந்த மகள்தான். அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்ததும் துக்க உடையையும் எடுத்துக்கொள்ளலாமா என்று அண்ணனிடம் கேட்கிறாள், அடக்கம் முடிந்த கையோடு அம்மாவின் கிமோனோ எனக்கு வேண்டும் என்கிறாள். ராட்சசி.

பெரியப்பா: ராட்சசி இல்லை அம்மா, சாவுக்கு வாய்விட்டு அழுததும் அவள்தானே. இரண்டும் ஒருத்திதான், ஓசு அவளைத் திட்டவே இல்லை பார்.

தம்பி: அந்த அப்பாவாக நடித்தவருக்கு நிஜத்தில் என்ன வயது?

பெரியப்பா: சிஷு ரியூவா? அப்போது 50கூட நிறையவில்லை. குனிந்து உட்காருவதிலேயே 20 வயதைக் கூட்டிவிடுவார்.

அக்கா: சரி சரி, விட்ட இடத்திலிருந்து இன்று போடுகிறேன். அம்மாவையும் கூப்பிடட்டுமா?

சித்தி: வேண்டாம்டி, முதலில் நீ தனியாகப் பார்.