வழக்கு புதுச்சேரியில், தங்கச்சி கடலூரில்: வழக்கை மாத்த எங்கே மனு போடணும்?

தங்கச்சிக்காகக் கேட்கிறேன். 2019ல் திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம், குடித்தனம் புதுச்சேரி லாஸ்பேட்டையில். சண்டை முத்திப்போய் போன வருஷம் கைக்குழந்தையோட கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு எங்க வீட்டுக்கே வந்துட்டா. இப்போ அவ வீட்டுக்காரர், கொடுமைன்னு காரணம் சொல்லி, இந்து திருமணச் சட்டம் 13வது பிரிவில் புதுச்சேரி குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டிருக்கார். கடைசியா சேர்ந்து வாழ்ந்த ஊர்ங்கிறதால அங்கே போட்டது செல்லும், அது புரியுது.

பெரியவங்களை வெச்சுப் பேசியாச்சு, பலனில்லை. அதே சட்டத்தின் 24வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டாச்சு. வாய்தாவுக்கு வாய்தா குழந்தையைத் தூக்கிட்டு அலைய முடியலை. 'பக்கத்து ஊர்தானே'ன்னு சொல்றவங்க பச்சைக் குழந்தையோட கோர்ட் வராண்டாவில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கணும்.

வழக்கைக் கடலூருக்கு மாத்தலாம்னு பார்த்தா வக்கீல்களே ஆளுக்கொன்று சொல்றாங்க. ரெண்டு ஊரும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கீழேதான், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 24வது பிரிவில் அங்கேயே மனு போட்டாப் போதும்னு ஒருத்தர். புதுச்சேரி யூனியன் பிரதேசம், அதனால அதே நடைமுறைச் சட்டத்தின் 25வது பிரிவில் உச்ச நீதிமன்றம்தான்னு இன்னொருத்தர். டெல்லி வரைக்கும் போக எங்களுக்கு வசதியில்லை.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கோ விழுப்புரத்துக்கோ குடும்ப வழக்கை மாத்தினவங்க இருந்தா சொல்லுங்க: சென்னை உயர் நீதிமன்றத்திலேயே மாத்தி வாங்க முடிஞ்சுதா?