அப்பத்தாவை மாதா கோயில் கல்யாணத்துக்குக் கூட்டிப் போகிறேன், விவரம் சொல்லுங்கள்

பள்ளத்தூர்க்காரன்:
என்னோடு வேலை பார்க்கும் நண்பனுக்குத் தை மாதம் கல்யாணம். காலை பத்து மணிக்குத் தேவகோட்டைப் பக்கம் ஒரு மாதா கோயிலில் திருப்பலி. சாயங்காலம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டுக்குப் பின்னால் திறந்தவெளியில் வரவேற்பு. எங்கள் வீட்டில் அவன் சாப்பிடாத வாரமே கிடையாது, அதனால் அப்பத்தாவும் வந்தே தீருவேன் என்கிறார். வயது 78. நாங்கள் யாரும் கத்தோலிக்கக் கல்யாணம் பார்த்ததில்லை. நெற்றி நிறையத் திருநீறு இல்லாமல் அப்பத்தா வாசல் தாண்ட மாட்டார், அதை யாராவது தப்பாக நினைப்பார்களா? எப்போது எழுவது, எப்போது உட்காருவது? இன்னொன்று, எந்தக் கோயிலில் எதைக் கொடுத்தாலும் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வார். அங்கே அப்பம் கொடுப்பார்களாமே, வாங்கலாமா? மொய் எங்கே எழுதுவது?

தேவகோட்டை அக்கா:
தம்பி, எங்கள் கோயில் பாடகர் குழுவில் 22 வருடமாகப் பாடுகிறேன். எத்தனையோ கல்யாணம் மாடியிலிருந்து பார்த்தாயிற்று. முதலில் திருநீறு: தாராளமாக வரட்டும். ஓரியூரில் எங்கள் புனிதர் அருளானந்தர் கோயிலுக்குத் திருநீறும் குங்குமமுமாக எவ்வளவு பேர் வந்து செம்மண் எடுத்துப் போகிறார்கள், நாங்கள் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. எங்கள் பெண்கள் முந்தானையால் முக்காடு போடுவார்கள். அப்பத்தா போட வேண்டும் என்று இல்லை.

நேரத்துக்கு வந்துவிடுங்கள். தாலி கட்டும்போது போய்க்கொள்ளலாம் என்று நினைத்து வருபவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். பைபிள் வாசகம், மறையுரை என்கிற பிரசங்கம் முடிந்த கையோடு, பூசையின் (திருப்பலியைத்தான் அப்படிச் சொல்வோம்) நடுவிலேயே கல்யாணம் நடந்துவிடும். பெண்ணும் மாப்பிள்ளையும் கையைப் பிடித்துக்கொண்டு, இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் பிரமாணிக்கமாக இருப்பேன் என்று ஆளுக்கு ஒரு முறை வாய்விட்டுச் சொல்வார்கள். எங்களுக்கு அதுதான் கல்யாணம். அதன் பிறகு சாமியார், அதாவது பாதிரியார், தாலியை மந்திரித்துக் கொடுப்பார், மாப்பிள்ளை கட்டுவார், மோதிரம் மாற்றுவார்கள். அந்தச் சம்மத வார்த்தையை அப்பத்தா காதில் விழும்படி கேட்க வையுங்கள். பல ஊரில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் வழக்கம் இன்னும் உண்டு. வயதானவரோடு நீங்கள் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெஞ்சின் ஓரமாக இடம் பிடியுங்கள்.

எழுவது உட்காருவது எல்லாம் முன் வரிசையைப் பார்த்துச் செய்தால் போதும். நடுப்பூசையில் மணி அடிக்கும், எல்லாரும் முழந்தாளிடுவார்கள். அப்பத்தா உட்கார்ந்தே இருக்கலாம். அந்த ஐந்து நிமிடம் பேச்சும் செல்போனும் வேண்டாம், அவ்வளவுதான்.

அப்பம் விஷயத்தை நீங்கள் கேட்டதே எனக்குப் பெரிய நிம்மதி. அது பிரசாதம் இல்லை தம்பி. நாங்கள் நன்மை வாங்குவது என்போம், ஆண்டவருடைய உடல் என்றே நம்புகிறோம். ஞானஸ்நானம் எடுத்து, புதுநன்மை, அதாவது முதல் முறை நன்மை, வாங்கிய கத்தோலிக்கர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். என் சித்தப்பா மகள் கல்யாணத்தில் ஒரு பெரியவர் வரிசையில் வந்து கையில் வாங்கினார். வாயில் போடவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு துணுக்கு கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார் பாவம், கைக்குட்டையை விரித்து நாலாக மடித்து வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் பாட்டை நிறுத்திவிட்டோம். சாமியார் படி இறங்கி வந்து, அவர் தோளில் கை வைத்து ஏதோ மெதுவாகச் சொல்லி, உள்ளங்கையை நீட்டினார். அந்த மடிப்பைப் பிரிக்கும்போது பெரியவர் விரல் நடுங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தப்பு அவர் மேல் இல்லை, முன்னாலேயே சொல்லாத எங்கள் மேல். ஆகவே கிளம்பும்போதே அப்பத்தாவிடம் சொல்லிவிடுங்கள், எல்லாரும் வரிசையில் போகும்போது இடத்திலேயே உட்கார்ந்து மணமக்களுக்காக வேண்டிக்கொள்ளட்டும். பூசை முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்து, போட்டோ என்று அரை மணி நேரம் ஆகும். அப்போது சாமியாரிடம் கூட்டிப் போனால் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர் தருவார். மாதா சிலை இருக்கும் குகை மாதிரியான கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றலாம். அதெல்லாம் யாருக்கும் உண்டு.

காணிக்கைப் பை சுற்றி வரும், போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். மொய் சாயங்காலம்தான், கோயிலில் வேண்டாம்.

பந்தல்காரர்:
காரைக்குடியில் பந்தல், லைட் வேலை செய்கிறேன். கோயில் விஷயம் அக்கா சொல்லிவிட்டார்கள், திறந்தவெளி வரவேற்பைப் பற்றி நான் சொல்கிறேன். தை மாதம் எட்டு மணிக்கு மேல் பனி இறங்கும். மேலே துணி கட்டாத இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் நனைந்து கிடக்கும். அப்பத்தாவுக்கு ஒரு சால்வை, காதுக்கு மப்ளர் கட்டாயம். ஸ்பீக்கருக்கும் ஜெனரேட்டருக்கும் தள்ளி உட்கார வையுங்கள். மண் நம்ம செம்மண், வெள்ளை வேட்டி கரையில் ஒட்டினால் லேசில் போகாது. குதிகால் செருப்பு புதையும்.

பாத்ரூமுக்கு வீட்டுக்குள்தான் போக வேண்டியிருக்கும். பழைய வீட்டு நிலைப்படி உயரம், வெளி வெளிச்சத்திலிருந்து உள்ளே போகும்போது கண்ணுக்குத் தெரியாது. ஆத்தங்குடிக் கல் தரை, ஈரக்காலோடு நடந்தால் வழுக்கும். கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போக வேண்டும். மேடையில் வரிசை நீளமாக நிற்கும், வயதானவர் என்று சொன்னால் ஓரமாக ஏற்றிவிடுவார்கள். சாப்பாடு பெரும்பாலும் மட்டன் பிரியாணி. சைவம் என்றால் இப்போதே நண்பரிடம் சொல்லி முதல் பந்தியில் உட்கார வைத்துவிடுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. படித்துக் காட்டினேன். வரிசையில் போகக்கூடாது என்றதும் அப்பத்தா, "அவுக சாமி, அவுக முறை, நான் ஏன் போறேன்" என்று உடனே சொல்லிவிட்டார். ஆனால் மேடையில் மணமக்களுக்குத் திருநீறு பூசி விடுவேன் என்கிறார். சுருக்குப் பையில் எடுத்தும் வைத்துவிட்டார்.

தேவகோட்டை அக்கா:
அதை முன்கூட்டியே நண்பரிடம் கேட்டுவிடுங்கள் தம்பி. அவர் சரி என்றாலும் பெண் வீட்டாருக்குச் சங்கடமாக இருக்கலாம், அத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று அந்தப் பெண்ணால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. தலையில் கை வைத்து வாழ்த்தட்டும். எங்கள் வீட்டுக் கிழவிகளும் அப்படித்தான் ஆசீர் கொடுப்பார்கள். பத்து மணிப் பூசை என்றால் ஒன்பதே முக்காலுக்கு உள்ளே இருங்கள், பெஞ்சு ஓரம் அப்போதுதான் கிடைக்கும்.