முத்துலட்சுமி ரெட்டியின் சட்டசபைப் பேச்சுகள் தேவை

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சட்டசபைப் பணி பற்றி எழுத ஆரம்பித்து, பாதியில் நிற்கிறேன். 1927-இல் சென்னை மாகாண சட்டசபையின் துணைத் தலைவர், 1930-இல் காந்தி கைதானதும் பதவி விலகல், தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது 1947-இல். சரி, இதெல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று. எனக்கு வேண்டியது அவர் சபையில் பேசிய பேச்சு, அதுவும் இந்து அறநிலையச் சட்டத்துக்கு 1929-இல் வந்த திருத்தத்தின்போது. கோயில் சேவைக்கு ஈடாக தேவதாசிகளுக்குக் கொடுத்த மானிய நிலத்தை அந்தப் பெண்களுக்கே விடுவித்த சட்டம் அது. வெறும் அறச்சீற்றத்தோடு நிற்காமல் வயிற்றுப்பாட்டையும் யோசித்தார் என்பதற்கு இதுதான் சாட்சி.

மூன்று வாரமாகத் தேடுகிறேன். இரண்டு நூலகங்களில் கேட்டாயிற்று. ஒன்றில் 1928 தொகுதியோடு வரிசை முடிகிறது, இன்னொன்றில் பக்கங்களைச் செல்லரித்துவிட்டது. இணையத்தில் சிக்கிய ஸ்கேனில் அட்டை மட்டும் பளிச். உள்ளே எழுத்து கூட்டிப் படிக்கக்கூட முடியவில்லை.

1929 விவாதத் தொகுதியின் தெளிவான பிரதி எங்கே கிடைக்கும்?