மான் வேட்டைக்கு அம்பு வேகம் வினாடிக்கு 290 அடி வேணுமா, 250 போதுமா?

தெம்பனிஸ்_நாண் கேட்கிறார்:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. ஏப்ரல்ல சிங்கப்பூர்ல இருந்து நியூசிலாந்து தென் தீவுக்குச் சிவப்பு மான் வேட்டைக்குப் போறோம். காம்பவுண்ட் வில் (கப்பி வச்சது). டிரா வெயிட் (நாணை இழுக்கிற பலம்) 60 பவுண்டு, டிரா லெங்த் (நாணை இழுக்கிற நீளம்) 28 அங்குலம், அம்பு முனையோட சேர்த்து 420 கிரெய்ன் (27 கிராம்). வில்லோட பெட்டியில 340 எஃப்.பி.எஸ்.னு (வினாடிக்கு இத்தனை அடி) போட்டிருக்கு, வேகம் அளக்கிற குரோனோகிராஃப்ல வர்றது 270 தான். வில் பழுதா, இல்ல செட்டிங் தப்பா?

அம்பை 350 கிரெய்னுக்குக் குறைச்சா 290 தாண்டும், மான் அசையறதுக்குள்ள போய்ச் சேரும்னு ஒருத்தர் சொல்றார். இன்னொருத்தர் 520 கிரெய்னுக்கு ஏத்து, எலும்பே வந்தாலும் உடைச்சிட்டுப் போகும்ங்கிறார். ரேஞ்சுல 18 மீட்டர்லயும் 50 மீட்டர்லயும் வட்டம் நல்லா விழுது, அம்பெல்லாம் நெருக்கமா நிக்குது. வேட்டையில 35 மீட்டருக்கு மேல விட மாட்டேன். எதை நம்பி அம்பு கட்டறது?

நாணேற்றி பதில்:

தம்பி, வில்லில் பழுது இல்லை. அந்த 340 என்பது 70 பவுண்டு, 30 அங்குலம், 350 கிரெய்ன் அம்பு என்ற அளவில் எடுத்த கணக்கு. உங்கள் டிரா லெங்த் 2 அங்குலம் குறைவு, அங்குலத்துக்கு ஏறக்குறைய 10 போகும்: 20 போச்சு. 10 பவுண்டு குறைவு, பவுண்டுக்கு 2 வீதம்: இன்னொரு 20. அம்பு 70 கிரெய்ன் கூடுதல், 3 கிரெய்னுக்கு 1 வீதம்: 23. நாணில் இருக்கும் பீப் (குறிபார்க்கும் துளை), டி-லூப் (நாணை இழுக்கும் கண்ணி) எல்லாம் சேர்ந்து ஒரு 5. மிச்சம் 272. உங்களுக்கு 270 வருகிறது. வில் சொன்னபடி வேலை செய்கிறது.

இப்போது எடைக்கு வருவோம். சக்தியைக் கொடுப்பது வில், அம்பு இல்லை. இதை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். அம்பு எடையைக் கிரெய்னிலும் வேகத்தை எஃப்.பி.எஸ்.ஸிலும் எடுத்து, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, எடையால் பெருக்கி, 450240-ஆல் வகுத்தால் இயக்க ஆற்றல் அடி-பவுண்டில் வரும். உங்கள் 420 கிரெய்ன், 270-க்கு அது 68. அதே வில்லில் 350 கிரெய்ன் போட்டால் 291 வரும், ஆற்றல் 66. 520 போட்டால் 246 வரும், ஆற்றல் 70. வேகத்தில் 45 வித்தியாசம் இருந்தும் ஆற்றலில் 4-தான் வித்தியாசம். அதிலும் கனமான அம்புக்குத்தான் கூடுதல், ஏனென்றால் லேசான அம்பு எடுத்துக்கொள்ளாத சக்தி வில்லிலேயே தங்கி அதிர்வாகவும் சத்தமாகவும் போகிறது.

உந்தம் வேறு கதை. எடையை வேகத்தால் பெருக்கி 225400-ஆல் வகுங்கள். 350 கிரெய்னுக்கு 0.45, 420-க்கு 0.50, 520-க்கு 0.57. உடம்புக்குள் புகுந்த பிறகு அம்பை நிறுத்தப் பார்க்கும் தடை, வேகம் கூடக் கூடத் தானும் கூடும். அதனால் ஒரே ஆற்றல் உள்ள இரண்டு அம்பில் கனமானதுதான் உள்ளே அதிக தூரம் போகும்.

ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணையில் சாதாரண மானுக்கு 25 முதல் 41 அடி-பவுண்டு, எல்க் (பெரிய மான் வகை), காட்டுப்பன்றி மாதிரி பெரியவற்றுக்கு 42 முதல் 65 என்று இருக்கும். நீங்கள் அதையும் தாண்டி 68-ல் நிற்கிறீர்கள். ஆக, சிவப்பு மானுக்குச் சக்தி போதாது என்ற கவலையே வேண்டாம். மழுங்கிய பிராட்ஹெட்டுடன் (வேட்டைக்கான அலகு வைத்த முனை) போனால் மட்டும் அந்த அட்டவணை உங்களைக் காப்பாற்றாது.

350-க்குப் போவது எனக்குச் சம்மதமில்லை. பவுண்டுக்கு 5 கிரெய்ன் என்ற அடிமட்டக் கணக்கில் 300 வரை வில் தாங்கும் என்பது உண்மை. ஆனால் வில் கத்தும், கை நடுக்கத்தையெல்லாம் அம்பு அப்படியே காட்டும், எலும்பில் பட்டால் பாதியில் நிற்கும். காயத்தோடு ஓடும் மான் வலியில் செத்துக்கொண்டே மலையேறும். அது நடக்கவே கூடாது.

புக்கிட்_தீமா_40 பதில்:

நாணேற்றி அண்ணன் கணக்கு சரிதான். ஆனா வேகத்தை ஒரேயடியா ஓரங்கட்டக் கூடாது. வேகம் ரெண்டு இடத்துல உதவும், அந்த ரெண்டையும் அளந்து பார்த்துட்டுத் தள்ளுங்க.

ஒண்ணு, தூரத்தைத் தப்பாக் கணிக்கிறது. 30 மீட்டர்னு நினைச்சு அந்தத் தூரத்துக்கான பின்னை (வில்லுல குறிபார்க்கிற ஊசி) வச்சு விடுறீங்க, மான் நிக்கிறது 33-ல. காத்துத் தடையை விட்டுட்டுப் பார்த்தா, 291 அம்பு 6 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல கீழ விழும், 270 அம்பு 7, 246 அம்பு எட்டரை. எடுத்த எடுப்பில் பார்த்தா 350-க்கும் 520-க்கும் நடுவுல இரண்டரை செ.மீ. கூட இல்ல. சிவப்பு மானோட நெஞ்சுப் பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டளவு இருக்கும், அதுல இது ஒண்ணுமில்ல. அதே 3 மீட்டர் தப்பு 50 மீட்டர்ல நடந்தா 10 செ.மீ.யும் 14 செ.மீ.யுமா பிரியும். அங்கதான் வேகம் பேச ஆரம்பிக்கும். நீங்க 35-ல நிறுத்திக்கிறதால ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கிற கருவி) கையில இருந்தா இந்த லாபமே தேவைப்படாது. ஒரு விஷயம், கோணத்தைச் சரிக்கட்டுற ரேஞ்ச்ஃபைண்டரா வாங்குங்க. தென் தீவு முழுக்கச் சரிவு. 30 பாகைச் சரிவுல நேர்க்கோட்டுல 40 மீட்டர் காட்டினா, பின் வைக்க வேண்டியது 34.6-க்கு. நம்ம ரேஞ்சு தட்டைத் தரை, இந்தப் பழக்கம் நமக்கு வராது.

ரெண்டாவது, நாண் சத்தத்துக்கு மான் குனியறது. மான் துள்ளி ஓடறதுக்கு முன்னால காலை மடக்கி உடம்பைக் கீழே இறக்கும், அம்பு முதுகுக்கு மேல போயிடும். சத்தம் 30 மீட்டரை 0.09 வினாடியில கடக்கும். 291 அம்புக்கு 0.34 வினாடி, 246 அம்புக்கு 0.40. எந்த வில்லும் சத்தத்தை முந்தாது, 350 எஃப்.பி.எஸ். வில்லுகூட 0.28 வினாடி எடுத்துக்கும். ஆனா அந்த 0.06 வினாடி சும்மா இல்ல. மான் இறங்க ஆரம்பிச்சு 0.10 வினாடி ஆச்சுன்னா உடம்பு 5 செ.மீ. இறங்கியிருக்கும், 0.16 வினாடின்னா 12 செ.மீ.க்கு மேல. தடையில்லாம விழுற பொருளோட கணக்கு இது. அதனால தலையைத் தூக்கி, காதைத் திருப்பி உங்க பக்கம் பார்க்கிற மானுக்கு எந்த வேகத்துலயும் அம்பு விடாதீங்க. மேயுற மான், குனிஞ்ச தலை, 20 – 25 மீட்டர். அப்போ கனமான அம்போட அடங்கின சத்தமே உங்களுக்கு வேகத்தை விட உதவி.

என் கணக்குப்படி 520 வேணாம், 480 பக்கம் நில்லுங்க.

கயல்_அம்பு பதில்:

இரண்டு பேரும் எடையைப் பேசிவிட்டீர்கள். அம்பு நேராகப் போகவில்லை என்றால் 480-ஆ 350-ஆ என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. ஆஃப்ரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நீண்ட காலம் அம்பு ஊடுருவலை ஆராய்ந்த டாக்டர் எட் ஆஷ்பி, அம்பு உடையாமல் நிற்பதை முதலிடத்திலும் கோணாமல் பறப்பதை இரண்டாமிடத்திலும் வைத்தார். அவர் சொன்ன 650 கிரெய்ன் எல்லை கனமான எலும்பைப் பிளப்பதற்கு. மானின் விலாவுக்கு அது தேவையில்லை, அதைப் படித்துவிட்டு யாரும் 650 கட்டிக்கொண்டு போக வேண்டாம்.

ரேஞ்சில் வட்டம் நன்றாக விழுகிறது என்கிறீர்கள். அது ஃபீல்ட் பாயிண்ட், அலகில்லாத பயிற்சி முனை. நிலையான அலகு உள்ள பிராட்ஹெட்டைப் பூட்டியதும் முனையில் ஒரு சின்ன இறக்கையே முளைத்த மாதிரி. அம்பு கொஞ்சம் சாய்ந்து கிளம்பினாலும் அந்த அலகு காற்றைப் பிடித்து வேறு பக்கம் இழுக்கும். வேகம் கூடினால் இழுப்பும் கூடும். 290-ல் ஒழுங்காகப் பறக்க மறுக்கும் பிராட்ஹெட், 255-ல் அதே வில்லில் அடங்கிப் போவதை நிறையப் பார்க்கலாம்.

சரி செய்வது இப்படி. முதலில் பேப்பர் வழியாக விட்டுக் கிழிசல் ஒரே துளையாக வரும்வரை ரெஸ்ட்டையும் (வில்லில் அம்பு தங்கும் இடம்) நாக்கிங் பாயிண்ட்டையும் (நாணில் அம்பு பூட்டும் இடம்) சரிபாருங்கள். பிறகு 20 மீட்டரில் ஒரு ஃபீல்ட் பாயிண்ட், ஒரு பிராட்ஹெட், மாற்றி மாற்றி. பிராட்ஹெட் வலப்பக்கம் போனால் ரெஸ்ட்டை இடப்பக்கம், அதாவது ஃபீல்ட் பாயிண்ட் விழுந்த பக்கம் நகர்த்துங்கள். ஒரு தடவைக்கு 1/32 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மூன்று அம்பு விட்டுப் பார்த்த பிறகே அடுத்த நகர்த்தல். ஒரே ஒரு அம்பு மட்டும் விலகிப் போனால் குறை அந்த அம்பில்: மேசையில் உருட்டிப் பாருங்கள், முனை தள்ளாடினால் இன்செர்ட் (முனையைத் திருகும் உள்செருகல்) கோணலாக ஒட்டியிருக்கிறது.

நம் ரேஞ்சில் பிராட்ஹெட் விடுவதற்கு முன் பொறுப்பாளரிடம் கேளுங்கள். அலகு ஃபோமைக் கீறிப் பாளம் பாளமாக எடுத்துவிடும். விடமாட்டோம் என்றால் போய்ச் சேர்ந்ததும் ஒரு முழு நாளை அங்கே இதற்கென்றே ஒதுக்குங்கள். அடுக்குமாடி புளோக் கீழேயும் பூங்காவிலும் வேண்டவே வேண்டாம். பாசிர் ரிஸ் பக்கம் காட்டுப்பன்றி தெரிந்தாலும் அப்படித்தான். இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் காட்டு விலங்கைக் கொல்வது குற்றம்.

தெம்பனிஸ்_நாண்:

ரொம்ப நன்றி. 480-ன்னு முடிவு பண்ணிட்டேன். இப்ப இருக்கிற அம்பு: 28 அங்குல ஷாஃப்ட் (தண்டு), 400 ஸ்பைன் (விறைப்பு எண், குறைஞ்சா விறைப்பு கூடும்), அங்குலத்துக்கு 9 கிரெய்ன். முனை 125, அலுமினியம் இன்செர்ட் 15, மூணு வேன் (வால் இறகு) 18, நாக் (நாணைப் பிடிக்கிற வால் முனை) 10. இன்செர்ட்டை மட்டும் 75 கிரெய்ன் பித்தளைக்கு மாத்தினா கணக்கு சரியா வருதே, செய்யலாமா?

நாணேற்றி பதில்:

எடைக் கணக்கு சரி, அம்புக் கணக்கு தப்பு. முன்பக்கம் 60 கிரெய்ன் ஏற்றினால் கிளம்பும்போது ஷாஃப்ட் அதிகமாக வளையும். 400 ஸ்பைன் அந்த எடைக்குத் தொய்வாகிவிடும், கயல் சொன்ன பிராட்ஹெட் விலகல் அங்கேதான் ஆரம்பிக்கும். 340 ஸ்பைனுக்குப் போங்கள். விறைப்பான ஷாஃப்ட் எடையும் கூடுதலாக இருக்கும். அங்குலத்துக்கு 10 கிரெய்ன் என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் மட்டும் 280. அப்போது 50 கிரெய்ன் இன்செர்ட் போதும்: 280, 50, 125, 18, 10, மொத்தம் 483. வேகம் 255 பக்கம் நிற்கும், ஆற்றல் 70, உந்தம் 0.55. முன்பார எடை 16 சதவீதம் அருகில் வரும். அதைக் கணக்கிட, நாக் பள்ளத்திலிருந்து ஷாஃப்ட் முனை வரை அளந்து, விரலில் அம்பு சமமாக நிற்கும் இடம் நடுவிலிருந்து எத்தனை அங்குலம் முன்னால் என்று பார்த்து, அதை நீளத்தால் வகுத்துவிடுங்கள்.

எடை போட கிரெய்ன் தராசு இல்லை என்றால் 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். 483 கிரெய்ன் என்பது 31.3 கிராம், நாலு சவரன் நகைக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு அம்பும் ஒன்றுக்கொன்று 0.2 கிராமுக்குள் இருக்கட்டும்.

புதுசு கட்டியதும் பின் எல்லாம் மறுபடி வைக்க வேண்டும். பழைய 30 மீட்டர் பின்னில் இது ஏறக்குறைய 8 செ.மீ. கீழே விழும்.

புக்கிட்_தீமா_40 பதில்:

ஒரு சின்னது. வில்லைக் காருக்குள்ள விட்டுட்டு வேலைக்குப் போயிடாதீங்க. நம்ம ஊர் வெயில்ல பூட்டின காருக்குள்ள நாண் மெழுகு இளகி, நாண் இழுபட்டு, பீப் திரும்பிக்கும், டிரா லெங்த்தும் மாறும். வச்ச பின் எல்லாம் வீணாப் போயிடும். அப்புறம் நியூசிலாந்துல இறங்கும்போது பூட்ஸ், கூடாரம், வேட்டைச் சாமான் எல்லாத்தையும் படிவத்துல எழுதிடுங்க. இறகு ஒட்டின அம்பு, மர அம்பு இருந்தா அதையும். மறைச்சு மாட்டினா அந்த இடத்துலேயே 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம். பூட்ஸ் அடியில ஒட்டின மண்ணைப் பழைய பல் தூரிகையால இங்கேயே கழுவிக்கிட்டுப் போங்க.