கோமாரி நோய் எங்கிருந்து எங்கே போனது? தேதி, தூரம், மரபணு வரிசையை ஒரே மாடலில் சேர்ப்பது எப்படி?

கேள்வி (கால்நடை மாணவி):
வணக்கம். மேற்படிப்பு ஆய்வுக்காக, கோமாரி எந்தப் பண்ணையிலிருந்து எந்தப் பண்ணைக்குத் தொற்றியது என்று பார்க்கிறேன். கையில் இருப்பவை: வாய்ப்புண் எத்தனை நாள் பழையது என்ற குறிப்பு, பண்ணைகளின் இடம், சில பண்ணைகளின் வைரஸ் மரபணு வரிசை. மூன்றும் ஒத்துப்போகும் ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா?

பதில் (புள்ளியியல்காரன்):
தயவுசெய்து அப்படி வடிகட்டாதீர்கள். ஒத்துப்போகாத இடத்தில்தான் விஷயமே இருக்கும்.

2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், பிர்பிரைட் ஆய்வு வளாகத்திலிருந்து கசிந்த வைரஸ் இரண்டு பண்ணைகளில் நோயைக் கிளப்பியது. ஓய்ந்துவிட்டது என்று கட்டுப்பாடுகளைத் தளர்த்திய சில நாளில், செப்டம்பர் 12 அன்று, தள்ளியிருந்த இன்னொரு பண்ணையிலும் வந்துவிட்டது. மறுபடி கசிவா, பழைய தொற்றா? தேதியை வைத்து மட்டும் சொல்ல முடியாது. வரிசைகளை ஒப்பிட்டபோது செப்டம்பர் வைரஸ் ஆகஸ்ட் வைரஸின் வழிவந்தது என்று தெரிந்தது. ஆனால் ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே தாவலில் வரக்கூடியதைவிட அதிக மாற்றங்கள் வரிசையில் இருந்தன. நடுவில் யார் கண்ணிலும் படாத பண்ணை இருந்தாக வேண்டும். பிறகு அப்படியொன்று அகப்பட்டது. அங்கே மாடுகளின் புண்கள் பழையவை, அதாவது நோய் அங்கே முன்பே வந்திருந்தது.

உங்கள் வேலைக்கு: 'அ'விலிருந்து 'ஆ'வுக்குத் தொற்றியிருந்தால் இந்த நாள் இடைவெளி, இந்தத் தூரம், மரபணு வரிசையில் இத்தனை எழுத்து மாற்றம் வர எவ்வளவு வாய்ப்பு என்று தனித்தனியே எழுதிப் பெருக்குங்கள். நோயரும்பும் காலம் (தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும்வரை) 2 முதல் 14 நாள் வரை போகும். ஒற்றை எண்ணாக வைக்காமல், எந்த நாளுக்கு எவ்வளவு வாய்ப்பு என்ற பரவலாகவே கொடுங்கள். அப்புறம், 'கண்ணில் படாத பண்ணை' என்ற தெரிவும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மாடல் இருக்கிற பண்ணைகளில் ஒன்றை வம்படியாக மூலமாக்கிவிடும்.

கால்நடை மாணவி:
நன்றி சார். வரிசை எடுக்காத பண்ணைகளை நீக்கிவிடவா?

புள்ளியியல்காரன்:
வேண்டாம். அவற்றுக்குத் தேதியும் தூரமும் மட்டும் பேசட்டும். விடையில் நிச்சயமின்மை கூடும், அது நியாயம்தான்.

பதில் (கள மருத்துவர்):
புண்ணின் வயதைப் பற்றி ஒன்று. முதல் நாலைந்து நாள் வரை கணிப்பை ஓரளவு நம்பலாம். ஆறத் தொடங்கிவிட்டால் அது கண் மதிப்புதான். பழைய புண்களுக்கு நாள் வீச்சை நன்றாக அகலப்படுத்துங்கள். நேர்தூரத்தோடு நிற்காமல், பால் வண்டியும் மாட்டு வியாபாரியும் எந்தெந்தப் பண்ணைக்குப் போய்வந்தார்கள் என்றும் விசாரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.